தகட்டில் உறங்கும் அமானிதம்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நூலகத் துணைக்குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

எல்லாம் வல்ல அல்லாஹ்வைப் போற்றித் தொடங்குகிறோம். ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

நமது நூலகத்தில் உள்ள டிவிடி, விசிடித் தகடுகளைக் கணினிக் கோப்புகளாக மாற்றும் பணியைப் பற்றிப் பேசுமாறு நிர்வாகக் குழு எங்களைப் பணித்தது. இது கணினி அறிந்த இளைஞர்களுக்கு மட்டும் உரிய பேச்சு என்று பெரியவர்கள் எண்ணிவிட வேண்டாம். இப்பணியில் நாங்கள் செய்த பெரும் பிழை ஒன்றையும், அதனால் நாம் இழக்க இருந்ததையும், அத்தகைய பிழை உங்கள் வீடுகளில் நிகழாதிருக்க வழி என்ன என்பதையும் உங்கள் முன் வைப்பதே எங்கள் நோக்கம்.

நடந்தது என்ன?

2005 ஆம் ஆண்டில் பழைய பள்ளிவாசலை இடித்துப் புதிய கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டியபோது, அந்நிகழ்ச்சி முழுவதும் ஒளிப்பதிவு செய்யப்பட்டு டிவிடியாக நூலகத்தில் வைக்கப்பட்டது. அன்று பேஷ் இமாமாக இருந்த மர்ஹூம் ஹஜ்ரத் அவர்கள், பழைய பள்ளியின் வெளிச்சுவரில் தொங்கிய மரப்பலகையைச் சுட்டிக்காட்டிப் பேசினார்கள். பள்ளிக்குக் கிணறு வெட்டிக் கொடுத்தவர், தென்னை மரங்களை வக்ஃபு செய்தவர், விளக்கெரிக்க எண்ணெய் தந்தவர் என்று எளிய மக்கள் பலரின் பெயர்கள் அப்பலகையில் எழுதப்பட்டிருந்தன. பெரிய சொத்துகளுக்குப் பத்திரம் உண்டு; இத்தகைய சிறு கொடைகளுக்கு அந்தப் பலகை ஒன்றே சான்று. கட்டடம் இடிக்கப்பட்ட நாள்களில் பலகை எப்படியோ தவறிவிட்டது. அதன் உருவம் எஞ்சியிருந்த இடம் அந்தத் தகடு மட்டுமே.

2013 ஆம் ஆண்டில் நூலகத்தின் டிவிடி பிளேயர் பழுதானபோது, தகடுகளையெல்லாம் கோப்புகளாக மாற்றிவிடலாம் என்று நாங்கள் முடிவு செய்தோம். அப்போது பலரிடம் இருந்த கைப்பேசிகளின் திரை சிறியது. மெமரி கார்டு இரண்டு ஜிபி, நான்கு ஜிபி என்ற அளவினது. எனவே கோப்பு எவ்வளவு சிறிதாகிறதோ அவ்வளவு நன்மை என்று எண்ணினோம். படத்தை 320க்கு 240 என்ற அளவுக்குக் குறுக்கி, வினாடிக்கு 300 கிலோபிட் என்று வரம்பிட்டு, ஒலியை 32 கிலோபிட்டுக்கு இறக்கினோம். ஒரு மணி நேர நிகழ்ச்சி 150 எம்பிக்குள் அடங்கியது. அதைச் சாதனை என்றே கருதினோம். பின்னர் தகடுகளின் மேல் காகித வில்லைகளை ஒட்டி, எண்ணிட்டு, இரும்பு அலமாரியில் அடுக்கிப் பூட்டினோம்.

2022 இல் புதிய பள்ளியில் கொடையாளர் பெயர்களைப் பளிங்குக் கல்லில் பொறிக்க வேண்டும் என்று நிர்வாகக் குழு விரும்பியது. கோப்பைத் திறந்து பார்த்தோம். பலகை தெரிந்தது; அதில் வரிகள் இருப்பதும் தெரிந்தது; ஆனால் ஓர் எழுத்தும் படிக்கக் கூடியதாக இல்லை. ஹஜ்ரத் அவர்களின் குரலோ தகரக் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் ஒலித்தது. சரி, மூலத் தகடு இருக்கிறதே என்று அலமாரியைத் திறந்தோம். எந்தக் கணினியிலும் அத்தகடு படிக்கவில்லை.

எதை இழந்தோம், ஏன் இழந்தோம்?

நம் நாட்டில் வழங்கும் டிவிடியில் ஒரு படம் 720க்கு 576 புள்ளிகள் கொண்டது. மொத்தம் 4,14,720 புள்ளிகள். நாங்கள் விட்டுவைத்தவை 76,800. ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மூலத்தில் 20 கோடு உயரத்தில் இருந்த ஓர் எழுத்து, எங்கள் கோப்பில் 8 கோடுகளுக்குள் நசுங்கியது. மெய்யெழுத்தின் புள்ளி மறைந்தது. இரண்டு சுழி எது, மூன்று சுழி எது என்ற வேறுபாடு அழிந்தது. ஒரே பெயரில் நான்கு பேர் வாழ்ந்த ஊரில், பெயருக்கு முன்னுள்ள தலைப்பெழுத்து தெரியாவிட்டால் அது யாருடைய பாட்டனார் என்று எப்படிச் சொல்வது?

என்கோடிங் என்னும் இந்தச் சுருக்கும் வேலை, துணியை மடித்துப் பெட்டியில் வைப்பது போன்றதன்று என்பதை நாங்கள் அப்போது உணரவில்லை. மடித்த துணியை விரித்தால் முழுத்துணியும் கிடைக்கும். வீடியோவைச் சுருக்கும்போதோ, கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது என்று கணினி கருதும் விவரங்கள் நிரந்தரமாக நீக்கப்படுகின்றன. எவ்வளவு நீக்கலாம் என்று நாம் இடும் கட்டளைதான் என்கோடிங் அமைப்பு. ஒருமுறை நீக்கியதைப் பின்னர் எந்த மென்பொருளாலும் உள்ளபடி மீட்க முடியாது. பெரிதாக்கித் தெளிவாக்கித் தருவதாகச் சொல்லும் இன்றைய செயலிகளும், இல்லாத எழுத்தைத் தாமாக ஊகித்து வரைகின்றன. கொடையாளர் பெயரை ஊகத்தால் கல்லில் பொறிக்க நமக்கு உரிமை இல்லை.

தகடு கெட்டதற்கும் நாங்களே ஒரு காரணமாக இருந்திருக்கலாம். வீடுகளிலும் ஸ்டுடியோக்களிலும் பதியப்படும் தகட்டில் செய்தியைத் தாங்கி நிற்பது ஒரு மெல்லிய சாயப் படலம். வெயில், வெப்பம், ஈரப்பதம் ஆகியவை அதற்குப் பகை. அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனம் 2003 இல் வெளியிட்ட தகடு பராமரிப்புக் கையேடு, டிவிடியின் மேல் வில்லை ஒட்டலாகாது என்றும், தகடுகளை உறையிலிட்டு நிமிர்த்தி வைக்க வேண்டும் என்றும் கூறுகிறது. நாங்கள் வில்லை ஒட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்து, பிற்பகல் வெயில் விழும் அலமாரியில் அடைத்திருந்தோம்.

முதலில் பிரதி, பிறகே மாற்றம்

இதிலிருந்து நாங்கள் கற்ற முதல் பாடம், மாற்றத் தொடங்கும் முன் தகட்டை உள்ளது உள்ளபடியே வன்தட்டில் பிரதியெடுத்துக்கொள்ள வேண்டும் என்பது. ஒற்றை அடுக்கு டிவிடி ஒன்றின் கொள்ளளவு 4.7 ஜிபி. நூறு தகடுகளும் நிரம்பியே இருந்தாலும் 470 ஜிபிதான். ஒரு டெராபைட் வன்தட்டில் பாதிகூட ஆகாது. இடமில்லை என்ற சாக்கு இன்று செல்லாது.

பிரதியெடுக்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. டிவிடியில் நிகழ்ச்சி ஒரே கோப்பாக இருக்காது. ஒவ்வொன்றும் ஒரு ஜிபிக்கு மிகாத பல கோப்புகளாகப் பிரிந்திருக்கும். எங்களில் ஒருவர் முதல் கோப்பை மட்டும் எடுத்துக்கொண்டு வேலை முடிந்தது என்றார். அந்நிகழ்ச்சியின் இறுதி துஆ கடைசிக் கோப்பில் இருந்தது. ஆகவே தகடு முழுவதையும் ஒரே பிம்பக் கோப்பாக எடுப்பதே நலம். தகட்டின் சில இடங்கள் படிக்காவிட்டால் டிடிரெஸ்க்யூ என்னும் இலவச மென்பொருள் உதவும். அது முதலில் நல்ல பகுதிகளை எடுத்துவிட்டு, கெட்ட பகுதிகளுக்குப் பிறகு திரும்பி வரும். எங்கே நின்றோம் என்பதைக் குறித்தும் வைக்கும். ஒரு டிரைவில் படிக்காத இடம் மற்றொரு டிரைவில் படிப்பது உண்டு. எனவே ஒரு கணினியில் முடியவில்லை என்பதற்காகத் தகட்டை எறிந்துவிடாதீர்கள்.

எந்த அமைப்பைத் தேர்வது?

பிரதி பத்திரமான பிறகே, மக்கள் கைப்பேசியிலும் தொலைக்காட்சியிலும் பார்ப்பதற்கான கோப்பை உருவாக்குகிறோம். இதற்கு ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்துகிறோம். அதில் கண்ணைக் கட்டும் அளவுக்குப் பல அமைப்புகள் உள்ளன. நமக்குத் தேவையானவற்றை மட்டும் சொல்கிறோம்.

முதலாவது, சுருக்கும் முறை. 2003 இல் வகுக்கப்பட்ட ஹெச்.264 என்ற முறையை நாங்கள் தேர்ந்தோம். 2013 இல் வந்த ஹெச்.265, 2018 இல் வந்த ஏவி1 ஆகியவை இதே தரத்தை இன்னும் சிறிய கோப்பில் தரவல்லவை. ஆயினும் நம் ஜமாஅத்தில் பழைய தொலைக்காட்சியும் பழைய கைப்பேசியும் வைத்திருப்போர் பலர். முதியவர் ஒருவர் பென்டிரைவைச் செருகினால் படம் ஓட வேண்டும், ஹெச்.264 முறையில் அமைந்த எம்பி4 கோப்பு ஏறத்தாழ எல்லாக் கருவிகளிலும் ஓடுகிறது.

இரண்டாவது, தரமா அளவா என்ற கேள்வி. நாங்கள் முன்னர் செய்தது வினாடிக்கு இவ்வளவு பிட் என்று முன்கூட்டியே வரம்பிட்டது. ரமளானில் நோன்புக் கஞ்சி வழங்கும்போது, இருவர் உள்ள வீட்டுக்கும் பன்னிருவர் உள்ள வீட்டுக்கும் ஒரே தூக்குச்சட்டி அளவு என்று வைத்தால் என்னாகும்? ஓரிடத்தில் மிஞ்சும், ஓரிடத்தில் போதாது. மேடையில் ஒருவர் அசையாது நின்று பேசும் காட்சிக்குச் சிறிதளவு போதும். கூட்டம் நகரும் காட்சிக்கும், கேமரா பலகையின் மேல் ஊர்ந்து செல்லும் காட்சிக்கும் மிகுதியாக வேண்டும். ஆகவே தரத்தை நிலையாக வைத்து, தேவைக்கேற்பக் கணினியே பங்கிடும் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதில் ஓர் எண்ணைக் கேட்கும். எண் குறையக் குறையத் தரம் உயரும். எண் ஆறு கூடினால் கோப்பின் அளவு ஏறத்தாழ பாதியாகும். டிவிடி அளவுப் படங்களுக்கு 18 முதல் 22 வரை என்பது அம்மென்பொருளாரின் பரிந்துரை. பயான்களுக்கு 20 என்றும், எழுத்து, பலகை, ஆவணம் தெரியும் பதிவுகளுக்கு 18 என்றும் நாங்கள் வைத்துக்கொண்டோம். வேகத்தைக் கேட்கும் இடத்தில் மெதுவானதைத் தேர்ந்தோம். கணினி கூடுதல் நேரம் எடுத்து அலசுவதால், அதே தரம் சிறிய கோப்பில் அடங்குகிறது. இரவு இஷாவுக்குப் பின் ஓடவிட்டால் சுப்ஹுக்குள் முடிந்திருக்கும்.

மூன்றாவது, சீப்புப் பற்கள் போன்ற கோடுகள். பழைய ஒளிப்பதிவில் ஒரு படம் ஒரே நேரத்தில் முழுதாகப் பதியப்படுவதில்லை. ஒற்றை எண் கோடுகள் ஒரு கணத்திலும், இரட்டை எண் கோடுகள் அடுத்த கணத்திலுமாக, வினாடிக்கு 50 அரைப்படங்கள் பதியப்பட்டன. இரண்டையும் அப்படியே இணைத்தால், கையசைத்துப் பேசும் ஹஜ்ரத்தின் விரல்களின் ஓரங்கள் சீப்பின் பற்களாகப் பிளந்து தெரியும். இதனைச் சீராக்காமல் படத்தைக் குறுக்கியதால், எங்கள் பழைய கோப்பில் அசைவுகள் இரட்டை நிழலாகக் கலங்கின. இப்போது அம்மென்பொருளில் உள்ள டீஇன்டர்லேஸ் என்னும் அமைப்பை இயக்குகிறோம். இரண்டு அரைப்படங்களையும் தனித்தனி முழுப்படங்களாக்கி வினாடிக்கு 50 படங்கள் கொள்ளும் வழியும் அதில் உண்டு. அசைவு மிகுந்த காட்சிகளுக்கு அதுவே ஏற்றது. ஆனால் மூலப் பிரதியில் கைவைப்பதில்லை.

நான்காவது, படத்தின் வடிவம். 720க்கு 576 என்று பதியப்பட்ட பழைய படம், திரையில் நான்குக்கு மூன்று என்ற விகிதத்தில், அதாவது 768க்கு 576 என்று தெரிய வேண்டும். இதைக் கவனியாது அகலத் திரைக்கு இழுத்தால் மனிதர்கள் குள்ளமாகவும் பருமனாகவும் தெரிவார்கள். நம் பெரியவர்களின் முகத்தை அவ்வாறு சிதைத்துப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுவது முறையாகுமா? ஓரங்களைத் தானாக வெட்டும் வசதியையும் நிறுத்திவிடுகிறோம். படத்தைப் பெரிதாக்கி எழுதுவதும் வேண்டாம். கோப்பு பெருக்குமேயன்றிப் புதிய விவரம் எதுவும் வாராது. இரைச்சலை நீக்கும் வடிகட்டியும் வேண்டாம். அது பலகையின் எழுத்தையும் இரைச்சலென்று எண்ணித் துடைத்துவிடக்கூடும்.

ஐந்தாவது, ஒலி. பயானின் உயிர் குரலில் இருக்கிறது. தகட்டிலுள்ள ஒலியை மாற்றாமல் அப்படியே கடத்துவது உத்தமம். மாற்றியே ஆக வேண்டுமானால் ஏஏசி முறையில் 160 கிலோபிட் வைக்கிறோம். ஒலியில் மிச்சம் பிடிப்பது ஒரு மணி நேரத்திற்குச் சில பத்து எம்பி மட்டுமே. அதற்காக ஹஜ்ரத் அவர்களின் கிராஅத்தைத் தியாகம் செய்ததை நினைத்து இன்றும் வருந்துகிறோம்.

விசிடிகளைப் பற்றி ஒரு சொல். அவற்றில் படம் 352க்கு 288 அளவினது. வினாடிக்கு 1150 கிலோபிட் கொண்டது. ஏற்கெனவே மிகவும் சுருக்கப்பட்டவை அவை. மேலும் சுருக்கினால் தாங்கா. அவற்றின் மூலக் கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு, கைப்பேசிக்கென மட்டும் அதே அளவில் ஒரு பிரதி எடுத்தால் போதும்.

ஒப்புநோக்குதல்

ஹதீஸ் கலை மேதைகள் ஓர் ஏட்டைப் பிரதியெடுத்தால், அதனை மூலத்தோடு வைத்துச் சரிபார்ப்பார்கள். அதற்கு முகாபலா என்று பெயர். அவ்வாறு ஒப்புநோக்காத பிரதியை நம்பி அறிவிப்பதை அவர்கள் விரும்பவில்லை. நாங்கள் 2013 இல் ஒரு கோப்பைக்கூட இறுதி வரை ஓடவிட்டுப் பார்க்கவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம். இப்போது ஒவ்வொரு கோப்பின் தொடக்கம், நடு, முடிவு ஆகிய மூன்று இடங்களையும் மூலத்தோடு இருவர் அமர்ந்து ஒப்பிடுகிறார்கள். உதடும் ஒலியும் பொருந்துகின்றனவா, எழுத்து படிக்கிறதா, துஆ வரை இருக்கிறதா என்று பார்த்துப் பதிவேட்டில் கையொப்பமிடுகிறார்கள். ஒவ்வொரு பிம்பக் கோப்பிற்கும் கைரேகை போன்றதொரு சரிபார்ப்பு எண்ணைக் கணினி மூலம் எடுத்து எழுதி வைத்துள்ளோம். ஆண்டுக்கு ஒருமுறை அந்த எண் மாறாதிருக்கிறதா என்று பார்த்தால் கோப்பு பழுதுபடவில்லை என்று அறியலாம்.

மூன்று பிரதிகள், இரு வகைச் சேமிப்புக் கருவிகள், ஒன்றேனும் வேறிடத்தில் என்பது இத்துறையாரின் விதி. 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் புகுந்த வீடுகளில், ஒரே அலமாரியில் இருந்தவை ஒரே நாளில் நனைந்தன என்பதை மறந்துவிடலாகாது.

இன்னொரு பொறுப்பும் உண்டு. நிக்காஹ், வலீமா தகடுகளில் நம் வீட்டுப் பெண்மக்களின் உருவங்கள் உள்ளன. அக்குடும்பத்தார் கொண்டுவந்து தந்தால் மாற்றிக் கொடுத்து, எங்கள் கணினியிலிருந்து அழித்துவிடுகிறோம். அவர்களின் அனுமதியின்றி ஒரு காட்சியையும் எவருக்கும் அனுப்புவதில்லை, இணையத்தில் ஏற்றுவதுமில்லை. தகடும் அமானிதம், அதிலுள்ள மானமும் அமானிதம்.

பினாங்கிலிருந்து வந்த தகடு

இனி அந்தப் பலகையின் கதைக்கு வருவோம். அடிக்கல் நாட்டு விழாவின் தகடுகள் சில, அக்காலத்தில் கடல் கடந்து வாழும் நம் ஊரார்க்கும் அனுப்பப்பட்டிருந்தன. இதனை மூத்த சகோதரர் ஒருவர் நினைவூட்டினார். நாங்கள் விசாரித்தபோது, பினாங்கில் வாழும் ஒரு குடும்பத்தார் அத்தகட்டை உறையிலிட்டு, மர அலமாரியின் இருளில், தகப்பனாரின் கடிதங்களோடு வைத்திருந்தது தெரிந்தது. ஊருக்கு வந்த உறவினர் ஒருவரின் கையில் அதனைக் கொடுத்தனுப்பினார்கள். ஓரங்களில் சில இடங்கள் படிக்காமல் முரண்டின. இரண்டு டிரைவுகளில் மாற்றி மாற்றி இரண்டு இரவுகள் ஓடவிட்டோம். அல்ஹம்துலில்லாஹ், பலகை வரும் பகுதி முழுவதும் கிடைத்தது.

படத்தை நிறுத்தி நிறுத்திப் பெயர்களை எழுதினோம். ஹஜ்ரத் அவர்களின் குரலும் தெளிவாகக் கேட்டது. பலகையைத் தடவியவாறு, இவர்களில் பலருக்கு இன்று ஊரில் வாரிசு இல்லை, இவர்களுக்காக துஆச் செய்ய நாம்தான் இருக்கிறோம் என்ற கருத்தில் அவர்கள் பேசியிருந்தார்கள். எங்கள் பழைய கோப்பில் அந்தச் சொற்கள் மின்விசிறியின் இரைச்சலோடு கரைந்து போயிருந்தன. அவற்றைக் கேட்டபோது அறையில் இருந்தவர்கள் சற்று நேரம் பேசவில்லை.

இரண்டு பெயர்கள் மட்டும் இன்னும் படிக்கப்படவில்லை. அவ்விடத்தில் கண்ணாடிபோல் வெயில் பளிச்சிட்டு எழுத்தை மறைத்துவிட்டது. இது என்கோடிங்கின் குறையன்று; மூலத்திலேயே இல்லை. ஒருவர் கிணற்றுக்குக் கயிறும் வாளியும் ஆண்டுதோறும் தந்தவர். மற்றவர் வடபுறத் தென்னை இரண்டை வக்ஃபு செய்தவர். இவர்கள் யார் என்று அறிந்த பெரியவர்கள் இந்தச் சபையில் இருக்கலாம். அன்புகூர்ந்து எங்களிடம் சொல்லுங்கள். கல்லில் அவ்விரு இடங்களையும் வெறுமையாகவே விட்டு வைத்திருக்கிறோம்.

சகோதர, சகோதரிகளே! உங்கள் வீட்டு அலமாரிகளிலும் பரண்களிலும் இத்தகைய தகடுகள் இருக்கும். இன்றைய கணினிகள் பலவற்றில் தகடு செருகும் இடமே இல்லை. இன்று படிக்கும் தகடு அடுத்த ஆண்டு படிக்கும் என்பதற்கும் உறுதியில்லை. ஒவ்வொரு ஜும்ஆவுக்குப் பின்னும் அஸர் வரை நூலகத்தில் எங்களில் ஒருவர் இருப்பார். கட்டணம் எதுவுமில்லை. தகட்டைக் கொண்டு வாருங்கள். முழுப் பிரதியும், பார்ப்பதற்கான கோப்பும் உங்கள் பென்டிரைவில் தருகிறோம். மாற்றிய பிறகும் தகட்டைத் தூர எறிந்துவிடாதீர்கள். வில்லை ஒட்டாமல், உறையிலிட்டு, நிழலில் நிமிர்த்தி வையுங்கள். நீங்களே வீட்டில் மாற்றுவதானால் ஒன்றை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்: இடத்தை மிச்சப்படுத்த எண்ணி விவரத்தை இழக்காதீர்கள்.

எங்கள் பிழையைப் பொறுத்து, இப்பணியை மீண்டும் எங்களிடமே ஒப்படைத்த ஜமாஅத்தார்க்கும், தகட்டைப் பேணிக் காத்த பினாங்குக் குடும்பத்தார்க்கும் நன்றி. பலகையில் பெயர் தெரிந்தோர்க்கும், பெயர் தெரியாத அவ்விருவர்க்கும் வல்ல அல்லாஹ் மறுமையில் நிறைவான கூலியை நல்குவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.